போர்ச்சில் பட்டறை, தலைக்கு மேல் வெக்கை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் உளி தீட்டுவதைப் பற்றி எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் உளியைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. எல்லாம் புழுக்கம், வியர்வை, தலைசுற்றல். ஏப்ரல், மே வந்தாலே சிங்கப்பூரில் இப்படித்தான். சரி, இந்த மாதம் முழுக்க அதையே பேசிவிடலாம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் வட்டாரப் பெயர் மட்டும்.

கேள்வி: தரைவீட்டின் கார் போர்ச்சில் டேபிள் சா (மேசை ரம்பம்), டிரில் பிரஸ் (துளையிடும் இயந்திரம்) வைத்து மரவேலை செய்கிறேன். மேலே பாலிகார்பனேட் கூரை, மேற்குப் பார்த்த வீடு. யூடியூபில் அமெரிக்கர்கள் கோடைக்கு என்று கராஜில் ஏர் கூலர் வைக்கிறார்கள். 200 வெள்ளிக்கு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். வாங்கலாமா?
(சிராங்கூன் கார்டன் வாசகர்)

வாங்காதீர்கள். காசைக் கொடுத்துப் புழுக்கத்தை வாங்கிய கதையாகிவிடும்.

ஏர் கூலர் தண்ணீரை ஆவியாக்கித்தான் காற்றைக் குளிர்விக்கிறது. டெல்லி, நாக்பூர் பக்கம் காய்ந்த வெயிலில் அது அற்புதமாக வேலை செய்யும், அமெரிக்காவில் அரிசோனா மாதிரி இடங்களிலும் அப்படித்தான். நம் ஊர் அப்படியில்லை. மழையே பெய்யாத நாளில்கூட விடியலுக்கு முன் ஈரப்பதம் 90 விழுக்காட்டைத் தாண்டிவிடும், பிற்பகலில் இறங்கினாலும் 60 வாக்கில்தான் நிற்கும். 32 டிகிரி, 65 விழுக்காடு ஈரப்பதம் என்று ஒரு சாதாரணப் பிற்பகலை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் காற்றை ஆவியாதலால் எவ்வளவு முயன்றாலும் 26 டிகிரிக்குக் கீழே கொண்டுபோக முடியாது. கடையில் விற்கும் கூலர் 28 வரைக்கும் இறக்கினால் பெரிது. ஆனால் வெளியே வருவது கிட்டத்தட்ட ஈரம் நிரம்பிய காற்று. அதில் உங்கள் வியர்வை எங்கே போய்க் காயும்? கூலருக்கு நேர் முன்னால் நின்றால் ஐந்து நிமிடம் சுகம், அப்புறம் கசகசவென்று ஆகிவிடும். போதாக்குறைக்கு அந்த ஈரம் டேபிள் சாவின் வார்ப்பிரும்பு மேடையில் போய் உட்காரும். தெரிந்தவர் ஒருவர் இப்படி வாங்கி வைத்து, இரண்டே வாரத்தில் அவருடைய மேடை செம்மண் தரை மாதிரி ஆனதை நானே பார்த்தேன்.

அந்த 200 வெள்ளியைக் கூரைக்குச் செலவழியுங்கள். உங்களை வேகவைப்பது காற்றின் சூடு மட்டும் இல்லை, தலைக்கு மேலிருந்து இறங்கும் அனல். பகல் இரண்டு மணிக்கு ஏணியில் ஏறிக் கூரைக்கு அருகே உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தோசைக்கல்லுக்கு மேல் கை காட்டிய மாதிரி இருக்கும். கூரைக்குக் கீழே ஓர் அங்குலமாவது இடைவெளி விட்டு, பளபளப்பான அலுமினியத் தாள் ஒட்டிய காப்புத் தகட்டை அடியுங்கள். பளபளப்புப் பக்கம் அந்தக் காற்று இடைவெளியைப் பார்த்திருக்க வேண்டும், கூரையோடு ஒட்டிவிட்டால் பாதிப் பயன் போயிற்று. மேற்குப் பக்கம் மூங்கில் தட்டியோ வெளிப்புறச் சுருள்திரையோ தொங்கவிடுங்கள். வெயிலை உள்ளே விட்ட பிறகு மறைப்பதைவிட வெளியிலேயே தடுப்பது மேல்.

இன்னொன்று, யாரும் இதை யோசிப்பதில்லை. ஓட்டி வந்த காரை அப்படியே போர்ச்சில் நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே வேலை தொடங்குகிறோம் இல்லையா? சூடான என்ஜின் என்பது ஒரு பெரிய அடுப்பு. காரைக் கேட்டுக்கு வெளியே, நிறுத்த அனுமதியுள்ள இடத்தில் விட்டுவிட்டு வாருங்கள்.

மீதிக் காசுக்கு 20 அல்லது 24 அங்குலத் தொழிற்சாலை மின்விசிறி ஒன்று. நம் தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று 32 என்றால் அது உடலைத் தொட்டு ஓடும்போது சூட்டை எடுத்துக்கொண்டுதான் போகும், வியர்வையும் காயும். 35-ஐத் தாண்டினால் விசிறியின் பலன் குறையும், ஆனால் இங்கே அது அபூர்வம். 2023 மே 13-ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானது, 1983 ஏப்ரலில் தெங்காவில் பதிவான அதே அளவு, இவ்வளவு காலத்தில் அதற்கு மேல் போனதில்லை. ஊரில் கத்திரி வெயிலில் 40-ஐப் பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், இங்கே வந்து அரை மணி நேரம் இழைப்புளி தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரிக்கட்டும்.

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயது 68. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மரவேலைதான் உயிர். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணிக்கு இறங்கினால் நான்கு மணி வரை போர்ச்சில்தான். தண்ணீர் குடிக்கச் சொன்னால் "பழகிப்போச்சு" என்கிறார். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார். போன வாரம் தலை சுற்றுகிறது என்று படியில் உட்கார்ந்துவிட்டார். நீங்கள் சொன்னால் கேட்பார்.
(செம்பவாங் வாசகி)

அக்கா, இந்தப் பதிலை அவருக்கே எழுதுகிறேன், பத்திரிகையைத் திறந்து அவர் காப்பி தம்ளருக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள்.

அண்ணே, எனக்கும் இப்படி ஆகியிருக்கிறது. சில வருடங்களுக்கு முன்பு ஒரு மே மாதப் பிற்பகல், பழைய செங்கால் பலகை ஒன்றை இழைத்துக்கொண்டிருந்தேன். கல் மாதிரி மரம், உங்களுக்கே தெரியும். ஒரு சட்டத்துக்கு அளவெடுத்தேன், 412 மில்லிமீட்டர். எழுதினேன். சந்தேகம் வந்து திரும்ப எடுத்தேன், 421. மூன்றாவது தடவை 402. அளவுநாடாவில் கோளாறு என்று நினைத்து வேறு நாடாவைத் தேடிப் போனேன். உள்ளே போன என்னைப் பார்த்து மனைவி, "ஏன் முகம் இப்படிச் சிவந்திருக்கிறது, என்ன உளறுகிறீர்கள்?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. நாடா சரியாகத்தான் இருந்தது. அன்றைக்கு அடுத்த வேலை டேபிள் சாவில் அறுப்பது. அதை நினைத்தால் இன்றைக்கும் கை கூசுகிறது.

அதனால்தான் சொல்கிறேன், தலைசுற்றல், தலைவலி, குமட்டல், தசைப்பிடிப்பு என்று புத்தகத்தில் இருப்பவை வருவதற்கு முன்பே கை சொல்லிவிடும். கோடு தப்பி அறுப்பது, பென்சில் எங்கே என்று மூன்று தடவை தேடுவது, சின்ன விஷயத்துக்குக் கோபம். இதில் ஏதாவது வந்தால் சுவிட்சை அணைத்துவிட்டு நிழலில் போய் உட்காருங்கள். பேச்சுக் குழறினாலோ, இடம் நேரம் புரியாமல் விழித்தாலோ, மயங்கினாலோ அது வேறு ரகம், வெப்பத்தாக்கு. உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கலாம், வியர்வை நின்றிருக்கலாம், நிற்காமலும் இருக்கலாம். அக்கா, இது உங்களுக்கு: உடனே 995. ஆம்புலன்ஸ் வரும் வரை சும்மா இருக்காதீர்கள், நிழலுக்குக் கொண்டுவந்து சட்டையைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறியைப் போடுங்கள். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஐஸ் கட்டி வையுங்கள். நினைவு தெளிவில்லாதவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

மாத்திரை விஷயம். ரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரை அதிகமாக்கும், சில இதயத் துடிப்பை ஏறவிடாமல் பிடித்து வைக்கும். இரண்டுமே வெக்கையில் உடம்பு சமாளிக்கும் திறனைக் குறைக்கும். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அடுத்த தடவை பாலிகிளினிக் போகும்போது, "நான் வெக்கையில் நின்று மரவேலை செய்கிறேன்" என்ற ஒரு வாக்கியத்தை டாக்டரிடம் சொல்லுங்கள், அது போதும். எவ்வளவு உப்பு, எவ்வளவு தண்ணீர் என்று அவர் சொல்வதுதான் உங்களுக்குக் கணக்கு.

மற்றவர்களுக்குப் பொதுவாக, கால் மணிக்கு அல்லது இருபது நிமிடத்துக்கு ஒரு தம்ளர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் உடம்பு வறண்டிருக்கும். எனக்கு நீர்மோர்தான், இஞ்சி, கறிவேப்பிலை, கொஞ்சம் உப்பு. தேக்கா பக்கம் போனால் நன்னாரி சர்பத் ஒரு பாட்டில். தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) குடித்தால் பாவம் இல்லை, ஆனால் அதிலுள்ள சர்க்கரையோடு அதைத் தண்ணீர்க் கணக்கில் எழுதிக்கொள்ளாதீர்கள்.

நேரத்தை மாற்றுங்கள் அண்ணே, வேறு எதை மாற்றாவிட்டாலும். ஒரு மணி முதல் நான்கு மணி என்பது இருப்பதிலேயே மோசமான நேரம். கைபேசியில் மைஎன்வி செயலி இருக்கிறதல்லவா, அதில் வெப்ப அழுத்த நிலையைப் பாருங்கள். அது டபிள்யூபிஜிடி என்ற அளவில் வரும். வெறும் காற்றின் சூடு இல்லை அது, ஈரப்பதம், காற்றோட்டம், வெயில் எல்லாம் சேர்த்த கணக்கு. அதில் 31-க்குக் கீழே குறைவு, 31 முதல் 33 வரை நடுத்தரம், 33-உம் அதற்கு மேலும் கடுமை. சாதாரண வெப்பமானியில் 33 என்றால் யாரும் கண்டுகொள்ள மாட்டோம், இந்த அளவில் 33 என்றால் பட்டறையைப் பூட்டிவிட்டுப் போக வேண்டியதுதான்.

கடைசியாக ஒன்று, செலவில்லாதது. ஒரு வாளியில் குழாய்த் தண்ணீர் பிடித்து, இடைவேளையில் இரண்டு கைகளையும் முழங்கை வரை பத்து நிமிடம் முக்கி வைத்திருங்கள். முன்கையில் ரத்தம் தோலுக்கு அருகே ஓடுகிறது, சூடு அந்த வழியாக இறங்கிவிடும். பேரப்பிள்ளைகள் பார்த்துச் சிரிக்கலாம்.

கேள்வி: செங்காங்கில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. வீட்டுக்குள் இருக்கும் பாதுகாப்பு அறையை, அதாவது பாம் ஷெல்டரைக் குட்டிப் பட்டறையாக மாற்றலாம் என்று ஆசை. கதவைச் சாத்தினால் சத்தமும் வெளியே போகாது. சரிதானே?
(செங்காங் வாசகி)

வேண்டாம் தங்கச்சி. கனமான கான்கிரீட் சுவர், இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. கதவைச் சாத்திக்கொண்டு உப்புத்தாள் தேய்த்தால் அரை மணியில் தூசியும் சூடும் உங்களோடு குடியிருக்கும். காற்று வரும் துளைகளை அடைக்கவும் கூடாது, அது அவசரத்துக்கு என்று கட்டிய அறை. சாமான்களை அங்கே வையுங்கள், வேலையைச் சமையலறைக்குப் பின்னாலுள்ள யார்டு ஜன்னலோரம் செய்யுங்கள். ஜப்பானிய இழுவை ரம்பம் ஒன்று, சின்ன இழைப்புளி ஒன்று, நல்ல உளி இரண்டு, இதுவே ஒரு வருடத்துக்குப் போதும். காரிடாரில் போய் உட்காராதீர்கள், அது தீ ஏற்பட்டால் எல்லாரும் ஓட வேண்டிய வழி.

கேள்வி: என்னுடையது மூடிய கராஜ், 6 மீட்டருக்கு 3 மீட்டர். ஏர்கான் போட்டாயிற்று. ஆனால் மரத்தூளை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டரை ஓட்டினால் அறை குளிர்வதே இல்லை. ஏர்கான்காரர் இரண்டு தடவை வந்து கேஸ் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பணம் வாங்கிக்கொண்டு போனார்.
(புக்கிட் தீமா வாசகர்)

கேஸ் சரியாகத்தான் இருக்கும். டஸ்ட் கலெக்டரின் வெளியேற்றுக் குழாயை ஜன்னல் வழியாக வெளியே விட்டிருக்கிறீர்கள், சரிதானே? கணக்குப் போடுவோம். 6 பெருக்கல் 3 பெருக்கல் 2.7 மீட்டர் உயரம் என்று வைத்தால் சுமார் 49 கன மீட்டர், அதாவது 1,700 கன அடிக்குக் கொஞ்சம் மேல். சாதாரண 1 குதிரைச்சக்தி இயந்திரமே நிமிடத்துக்கு 500 கன அடி காற்றை இழுக்கும் என்று போட்டிருப்பார்கள். மூன்றரை நிமிடத்தில் அறையிலுள்ள குளிர்ந்த காற்று முழுவதும் தெருவுக்குப் போய், அதற்குப் பதிலாகக் கதவிடுக்கு வழியே 32 டிகிரி ஈரக்காற்று உள்ளே வருகிறது. அதோடு ஏர்கான் எப்படிப் போட்டி போடும்?

காற்றை அறைக்குள்ளேயே திருப்பி விடலாம், ஆனால் துணிப்பை வடிகட்டியோடு வேண்டாம், நுண்தூசி அதன் வழியாக வந்துவிடும், நுரையீரலுக்கு ஆபத்தானது அதுதான். மடிப்பு மடிப்பாக இருக்கும் கார்ட்ரிட்ஜ் வடிகட்டி மாற்றுங்கள், என்95 முகக்கவசத்தையும் கழற்றாதீர்கள். அல்லது செலவே இல்லாத வழி: அறுப்பது, இழைப்பது எல்லாவற்றையும் காலையில் ஏர்கான் போடாமல் கதவைத் திறந்து வைத்து முடித்துவிட்டு, பூட்டுவது, ஒட்டுவது, தேய்த்து மெருகூட்டுவதை மதியம் ஏர்கானில் வைத்துக்கொள்ளுங்கள். நான் இரண்டாவதைத்தான் செய்வேன். ஏர்கான் வடிகட்டியை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவுங்கள், அதன் உள்ளே மரத்தூள் பசைபோல ஒட்டிக்கொண்டால் அப்புறம் அந்த ஏர்கான்காரருக்கு நிஜமாகவே வேலை வந்துவிடும்.

சக்கரம் வைத்த, ஒற்றைக் குழாய் உள்ள ஏர்கான் பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள். அதிலும் இதே கதைதான். சூட்டோடு சேர்த்து அறையின் காற்றையும் வெளியே தள்ளி, வெளிக்காற்றை உள்ளே இழுக்கும்.

கேள்வி: மகளின் கொண்டோ வீட்டுக்கு என்று ஆசை ஆசையாக மெராந்தி மரத்தில் சாப்பாட்டு மேசை செய்தேன். 90 சென்டிமீட்டர் அகலம். போர்ச்சில் செய்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அவர்கள் வீட்டில் ஏர்கான் எப்போதும் ஓடும். மூன்று மாதத்தில் மேல்பலகை இரண்டு இடத்தில் வெடித்துவிட்டது. சம்பந்தி வீட்டார் முன்னால் மானம் போயிற்று. மரக்கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
(தெம்பனிஸ் வாசகர்)

கடைக்காரரைத் திட்டாதீர்கள். வெக்கை உங்களைப் படுத்தியது போதாதென்று மரத்தையும் படுத்தியிருக்கிறது.

மரம் அறுபட்ட பிறகும் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும், துப்பும். நம் போர்ச்சில், சராசரியாக 80 விழுக்காடு வாக்கில் இருக்கும் ஈரப்பதத்தில், பலகைக்குள் 15, 16 விழுக்காடு ஈரம் இருக்கும். எப்போதும் ஏர்கான் ஓடும் அறையில் அது 10, 11-க்கு இறங்கும். ஐந்து விழுக்காடு குறைகிறது. மெராந்தி போன்ற மரத்தில் தட்டையாக அறுத்த பலகை, ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தால் அகலத்தில் ஏறக்குறைய கால் விழுக்காடு சுருங்கும். நீளத்தில் சுருக்கம் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம், எல்லாம் அகலத்தில்தான். 90 சென்டிமீட்டரில் கணக்குப் போட்டால் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல்! அந்தப் பலகையைச் சட்டத்தோடு சுற்றிலும் திருகாணி போட்டு இறுக்கியிருப்பீர்கள். சுருங்க வழியில்லாத பலகை என்ன செய்யும், வெடித்துதான் வழி பண்ணிக்கொள்ளும்.

ஊரில் பழைய தேக்குக் கதவுகளை நினைத்துப் பாருங்கள். சட்டத்தில் காடி வெட்டி, நடுப்பலகையை அதில் செருகி மட்டும் விட்டிருப்பார்கள், பசையும் கிடையாது ஆணியும் கிடையாது. மழைக்காலத்தில் ஊதும், சித்திரையில் சுருங்கும், கதவு கதவாகவே இருக்கும். நம் தாத்தாமார்களுக்கு ஈரமானி கிடையாது, ஆனால் மரத்துக்கு இடம் விட வேண்டும் என்று தெரிந்திருந்தது. மேசைக்கும் அதுவேதான். சட்டத்தில் திருகாணித் துளையை வட்டமாகப் போடாமல், பலகையின் அகலவாக்கில் நீள்துளையாகப் போடுங்கள். அல்லது சட்டத்தில் காடி எடுத்து, சின்ன மரக்கட்டைகளை நாக்கு மாதிரி செருகி அவற்றை மட்டும் பலகையோடு திருகுங்கள். பலகை நகரும், விழாது. மெருகை மேலே மட்டும் பூசாமல் அடியிலும் பூசுங்கள், இல்லையென்றால் ஒரு பக்கம் வேகமாகக் காய்ந்து பலகை கோணும்.

அடுத்த தடவை, பலகைகளை வெட்டுவதற்கு முன்பு அது வாழப்போகும் அறையிலேயே இடையிடையே ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) வைத்து அடுக்கி, சில வாரம் விட்டுவையுங்கள். மகள் முணுமுணுப்பாள், பரவாயில்லை. ஈரமானி ஒன்று வாங்குங்கள், தினமும் குத்திப் பார்த்து எண் மாறாமல் நின்ற பிறகு வேலை தொடங்குங்கள்.

இப்போதுள்ள மேசைக்கு, வெடிப்பில் உடனே புட்டி வைத்து அடைக்காதீர்கள், எல்லாரும் செய்யும் தப்பு அது. திருகாணிகளைக் கழற்றிவிட்டுப் பலகை முழுதாகச் சுருங்கி முடியட்டும். அப்புறம் வெடித்த கோட்டிலேயே நீளவாக்கில் அறுத்து, விளிம்பை இழைத்து, மறுபடி ஒட்டுங்கள். அகலம் கொஞ்சம் குறையும், சம்பந்திக்குத் தெரியாது. ஒட்டும்போது மின்விசிறியை அணைத்துவிடுங்கள். வெள்ளை, மஞ்சள் மரப்பசை எல்லாம் இந்தச் சூட்டில் விசிறிக் காற்று பட்டால் கிளாம்ப் எடுக்கப் போய் வருவதற்குள் மேலே ஆடை கட்டிவிடும்.

கேள்வி: மரத்துக்கு மெருகாக லாக்கர் ஸ்ப்ரே அடித்தால் சில நாள் பால் ஊற்றியது மாதிரி வெளுத்துவிடுகிறது. மறுநாள் அதே டின், நன்றாக வருகிறது. டின்னில் கோளாறா?
(ஈசூன் வாசகர்)

வெளுத்த நாளெல்லாம் மழைக்கு முன்போ பின்போ என்று நாட்காட்டியில் குறித்துப் பாருங்கள். லாக்கரிலுள்ள கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது பலகையின் மேற்பரப்பு சட்டென்று குளிர்கிறது, ஐஸ் தண்ணீர் தம்ளருக்கு வெளியே முத்து முத்தாக வியர்ப்பது போலக் காற்றின் ஈரம் அதன் மேல் படிந்து லாக்கருக்குள் மாட்டிக்கொள்கிறது. அந்த வெளுப்பு அதுதான். மெதுவாகக் காயவைக்கும் ரிடார்டர் தின்னர் கொஞ்சம் கலந்து அடியுங்கள், வெளுத்ததன் மேல் அதையே லேசாக ஒரு கோட் அடித்தாலும் பெரும்பாலும் தெளிந்துவிடும். மழை பெய்து ஓய்ந்த மாலையில் ஸ்ப்ரே எடுக்காதீர்கள்.

இதைப் படித்துவிட்டு எண்ணெய் மெருகுக்கு மாறலாம் என்று நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணியைப் பந்தாகச் சுருட்டிப் போர்ச் மூலையில் போடாதீர்கள். அது காயும்போது தானே சூடாகித் தானே தீப்பிடிக்கும், வெக்கை நாளில் இன்னும் சீக்கிரம். விரித்துக் காயவையுங்கள், அல்லது தண்ணீர் உள்ள உலோக டின்னில் முக்கி மூடுங்கள். கம்பியில்லாக் கருவிகளின் பேட்டரியையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவைக்காதீர்கள், கை பொறுக்காத சூட்டில் இருக்கும்போது சார்ஜும் போடாதீர்கள்.

கேள்வி: புதுக்கோட்டையிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது அண்ணே. மரச்சாமான் பட்டறையில் வேலை. தகரக் கொட்டகை, லாரியில் மரம் ஏற்றி இறக்குவது வெளியே வெயிலில். ஊரில் வயலில் நின்றவன்தான், ஆனால் இங்கே ஏனோ தாங்க முடியவில்லை. ஓய்வு கேட்டால் சோம்பேறி என்று நினைப்பார்களோ என்று பயம்.
(சுங்கை காடுட் வாசகர்)

தம்பி, உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. ஊர் வெயில் காய்ந்த வெயில், வியர்வை வந்த உடனே காய்ந்துவிடும். இங்கே வியர்வை வழிகிறதே ஒழியக் காய்வதில்லை. இதற்கு உடம்பு பழக ஒரு வாரம், இரண்டு வாரம் பிடிக்கும். நானும் அந்தப் பக்கத்துப் பட்டறையில் தொழில் கற்றவன்தான், முதல் மாதம் மதியச் சாப்பாடு இறங்காது.

ஓய்வு கேட்பது சலுகை கேட்பது இல்லை. மனிதவள அமைச்சு 2023 அக்டோபரில் வெளிப்புற வேலைக்கு விதிகளைக் கடுமையாக்கியது. புதிதாக வந்தவருக்குக் குறைந்தது ஏழு நாள், வெக்கையில் வேலை நேரத்தைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். டபிள்யூபிஜிடி 32-ஐத் தொட்டால் கடும் உடலுழைப்புக்கு மணிக்குப் பத்து நிமிடமாவது நிழலில் ஓய்வு, 33-ஐத் தொட்டால் பதினைந்து நிமிடம். மணிக்கு ஒரு முறையாவது தண்ணீர். லாரியில் மரம் ஏற்றுவது இதில் வராமல் வேறு எது வரும்? கொட்டகைக்குள் காற்றே வராவிட்டால் அங்கேயும் இதையே கேளுங்கள். முதலில் மேற்பார்வையாளரிடம் சாதாரணமாகப் பேசிப் பாருங்கள், பல பேருக்கு விதி தெரியாது. நடக்கவில்லை என்றால் மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் வழியாகப் புகார் தெரிவிக்கலாம். கூட வேலை செய்பவரோடு ஜோடி சேர்ந்துகொள்ளுங்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ள. தலைசுற்றினால் மறைக்காதீர்கள் தம்பி.

கேள்வி: வியர்வை கண்ணுக்குள் இறங்குகிறது, கண்ணாடி மூடுபனி போடுகிறது. கழுத்தில் துண்டு போட்டுக்கொண்டு கைலியோடு வேலை செய்வதுதான் வசதியாக இருக்கிறது. தப்பா?
(ஹவ்காங் வாசகர்)

தப்புதான், பெரிய தப்பு. டிரில் பிரஸ்ஸோ கடைசல் இயந்திரமோ அந்தத் துண்டின் நுனியைப் பிடித்தால் கழுத்தையும் சேர்த்துத்தான் இழுக்கும். நெற்றிக்கு வியர்வைப் பட்டை, பக்கங்களில் காற்றுத்துளை உள்ள பாதுகாப்புக் கண்ணாடி, கை ஒட்டிய பனியன், முழங்கால் வரை டிரவுசர், மூடிய காலணி. சுற்றும் பிளேடுக்குப் பக்கத்தில் கையுறையும் வேண்டாம். கைலியை வேலை முடிந்து குளித்த பிறகு கட்டிக்கொள்ளுங்கள். வியர்வை சொட்டிய வார்ப்பிரும்பு மேடையை அப்படியே விட்டுவிட்டுப் போகாதீர்கள், துடைத்து மெழுகு தேய்த்துவிடுங்கள், உப்பு ஒரே இரவில் வேலையைக் காட்டிவிடும்.

கேள்வி: எல்லாருக்கும் யோசனை சொல்கிறீர்களே, நீங்கள் எப்போது வேலை செய்கிறீர்கள்?
(புக்கிட் பாத்தோக் வாசகி)

மாட்டிக்கொண்டேன். காலை ஏழு மணிக்குப் போர்ச்சில் இருப்பேன். அந்த நேரத்தில் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும், ஆனால் வெயில் இல்லை, தரையும் சூடேறியிருக்காது, அதனால் தாங்கும். ஒன்பது மணி வரை சத்தமில்லாத வேலை மட்டும், கோடு போடுவது, உளி, இழைப்புளி. பக்கத்து வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது. ஒன்பதிலிருந்து பத்தரை வரை இயந்திரங்கள். பத்தரைக்கு மேல் எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சுவிட்சை அணைத்துவிடுவேன் என்று எழுதத்தான் ஆசை, உண்மை என்னவென்றால் வாரத்தில் இரண்டு நாள் பதினொன்றரை ஆகிவிடுகிறது. மதியம் தூக்கம். சாயங்காலம் ஐந்தரைக்கு மேல் மரத்தூள் கூட்டுவது, அடுத்த நாளுக்குப் பலகை எடுத்து வைப்பது. இந்த மாதம் ஓர் அலமாரி செய்துகொண்டிருக்கிறேன், கதவு இன்னும் இரண்டு பாக்கி. மழை வரும்போல இருக்கிறது, லாக்கர் நாளைக்குத்தான்.